பதிலுக்கு மூன்று தட்டு

துணி துவைக்கும் மெஷின் வந்த நாளிலிருந்தே ஹம்சாவுக்கு அந்த ஷெல்ஃப் ஆசை. மந்தைவெளியில், லிஃப்ட் இல்லாத கட்டடம் ஒன்றின் மூன்றாவது மாடியில் அவர்கள் வீடு. சமையலறைக்குப் பின்னால் துணி துவைக்க விட்டிருந்த இடத்தில் மெஷினை வைத்த பிறகு, ஆள் பக்கவாட்டில்தான் உள்ளே நுழைய முடிந்தது. சோப்புத்தூள் டப்பா, சொட்டு நீலம், கிளிப் கூடை எல்லாம் காலில் இடறின. கீழே இடமில்லாவிட்டால் மேலே போக வேண்டியதுதான் என்று முடிவு செய்தாள்.

ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறை வாசலில் கிடந்த பேக்கிங் பெட்டியை ஆட்டோவில் ஏற்றி வந்து, ஆணிகளைக் கம்பியால் நெம்பிப் பிரித்தாள். நீளப் பலகைகள் இரண்டைச் சேர்த்துக் குறுக்குச் சட்டம் அடித்தாள். சுவரின் முழு நீளத்துக்கும் வருகிற ஒரே தட்டு. அடியில் ஹேங்கர் மாட்ட ஒரு கம்பி. பலகையை இழைக்கவில்லை. உப்புத்தாள் போட்டுச் சிராய்களை மட்டும் எடுத்தாள். மரக்கணுக்களும், பெட்டியின் மேல் அச்சடித்திருந்த கறுப்பு எழுத்துகளும் அப்படியே இருந்தன.

"டீக்கடை பெஞ்சாட்டம்னா இருக்கு," என்றான் அவள் கணவன் நிரஞ்சன்.

"இருக்கட்டுமே. வழவழன்னு சன்மைக்கா ஒட்டினது எல்லார் ஆத்துலயும் இருக்கு. இந்த முரட்டுத்தனம்தான் நேக்குப் பிடிச்சிருக்கு."

ஞாயிற்றுக்கிழமை காலை டிரில் மெஷினை இரவல் வாங்கி வந்து வேலையை ஆரம்பித்தாள். நிரஞ்சன் கூடத்தில் பேப்பரோடு உட்கார்ந்துவிட்டான். முதல் துளை போட்டு முடித்து, டிரில்லை நிறுத்தியதும் கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து டொக், டொக், டொக். கொஞ்சம் விட்டு, மறுபடி மூன்று.

ஹம்சாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பக்கம் சரோஜாதேவியின் குளியலறை. மேற்கு மாம்பலத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தும் அவரைக் கட்டடத்தில் எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். அறுபதை நெருங்கும் தனி ஆள். நாள் முழுவதும் மெஷின்களின் தடதடப்பில் இருப்பவருக்கு வீட்டில் சின்னச் சத்தம்கூட ஆகாது. ஹம்சா வாஷிங் மெஷினைப் போட்டால் சுவரில் தட்டுவார். மாவு அரைத்தால் தட்டுவார். மறுநாள் படியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு இறங்குவார்.

"ஆரம்பிச்சாச்சு பாருங்கோ," என்று கூடத்தைப் பார்த்துக் கத்தினாள். "பட்டப்பகல்ல ஒரு ஆணி அடிக்கப்படாதா?"

"விடேன். சீக்கிரம் முடி."

இரண்டாவது துளையைப் போட்டாள். நிறுத்தியதும் மறுபடி அந்த மூன்று தட்டு. இந்தத் தடவை ஹம்சா பொறுக்கவில்லை. சுத்தியலை எடுத்து அதே சுவரில், அதே மாதிரி, ஓங்கி மூன்று தட்டுத் தட்டினாள். அந்தப் பக்கம் உடனே பரபரவென்று நாலைந்து தட்டு வந்தது. பிறகு ஓய்ந்துவிட்டது. ஜெயித்துவிட்ட திருப்தியோடு மிச்சத் துளைகளையும் போட்டு, அவற்றில் பிளாஸ்டிக் பிளக் செருகி, பிராக்கெட்டுகளை முடுக்கினாள். காப்பி கலந்து ஆற அமரக் குடித்தாள். அப்புறம்தான் மரத்தூளையும் சிமெண்ட் பொடியையும் முறத்தில் அள்ளிக்கொண்டு, கொட்டி வர வாசல் கதவைத் திறந்தாள்.

பக்கத்தில் சரோஜாதேவியின் கதவு மூடியிருந்தது. கைப்பிடியில் மாட்டியிருந்த பையில் பால் பாக்கெட் அப்படியே தொங்கியது. கால்மிதியின் மேல் பேப்பர் சுருட்டியபடி கிடந்தது.

ஹம்சா நின்றுவிட்டாள். விடியற்காலையில் பால் வந்த சத்தம் கேட்டதும் கையை நீட்டி எடுத்துவிடும் மனுஷி அவர். உள்ளே இருந்துகொண்டு சுவரில் தட்டுகிறவர் பாலை ஏன் எடுக்கவில்லை? பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுவென்று இருந்தது. கையிலிருந்த முறம் நழுவி மரத்தூள் படியெல்லாம் கொட்டியது.

"டீச்சர்! டீச்சர்!"

மணியை அழுத்தினாள். கதவை இரண்டு கையாலும் அறைந்தாள். சத்தம் கேட்டு நிரஞ்சன் ஓடி வந்தான்.

"என்னடி ஆச்சு?"

"அவா சண்டைக்குத் தட்டலை. கூப்பிட்டிருக்கா. ஐயோ, கூப்பிட்டிருக்கா!"

பெட்டி பிரித்த கம்பியை எடுத்து வந்து பூட்டுப் பக்கம் செருகி நிரஞ்சன் நெம்பினான். கீழ் வீட்டு ஜவஹர் கைலியோடு ஏறி வந்தார். தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர், கனத்த சரீரம். அவர் தோளைக் கொடுத்ததும் கதவு பிளந்தது.

குளியலறைத் தரையில் சரோஜாதேவி ஒருக்களித்துக் கிடந்தார். ஒரு கால் இருக்கக் கூடாத கோணத்தில் திரும்பியிருந்தது. புடவை முழுக்க ஈரம். உதடு வெளுத்திருந்தது. கையில் பித்தளைச் சொம்பை விடாமல் பிடித்திருந்தார். அது பட்டுப் பட்டுச் சுவரில் டைல் ஒன்று சில்லு பெயர்ந்திருந்தது. ஹம்சாவால் அந்த டைலைப் பார்க்க முடியவில்லை. வேறு எதையும் பார்க்கவும் முடியவில்லை.

"தூக்காதீங்க," என்றார் ஜவஹர். "எலும்பு ஒடஞ்சிருக்கும் போல. எங்க அண்ணாச்சிக்கு இப்படித்தான் அவசரத்துல தூக்கி இன்னும் கெடுத்துட்டாக. தட்டையா ஏதாவது இருக்கா? பலகை கிலகை?"

ஹம்சா ஓடினாள். பிராக்கெட்டில் ஏற்றக் காத்திருந்த ஷெல்ஃப் பலகையை ஒற்றை ஆளாகத் தூக்கி வந்தாள். எப்படித் தூக்கினாள் என்பது அவளுக்கே தெரியாது. மெல்ல நகர்த்தி அதில் படுக்க வைத்து, நிரஞ்சனின் வேட்டிகளால் மார்பிலும் இடுப்பிலும் முழங்காலிலும் கட்டினார்கள். படி திரும்புகிற இடங்களில் பலகையைச் சாய்க்காமல் இறக்குவதற்குள் மூன்று பேருக்கும் வியர்த்து ஊற்றியது. ஜவஹரின் கடை வேனில் பின்சீட்டை மடக்கிப் பலகையோடு ஏற்றினார்கள். வழி முழுக்க ஹம்சா டீச்சரின் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இடுப்பெலும்பு முறிவு. ஆபரேஷன் நடந்தது. பெங்களூரிலிருந்து டீச்சரின் தம்பி வந்து சேர்ந்தார். பார்க்க அனுமதித்த அன்று ஹம்சா தனியாகப் போனாள்.

சரோஜாதேவி அவளைக் கண்டதும் கையை நீட்டினார். படியில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அந்த மனுஷியா இது என்று இருந்தது.

"விடியக்காலம் விழுந்தேம்மா. கத்திக் கத்திக் குரலே போயிடுச்சு. யாருக்கும் கேக்கல. அவ்வளவுதான்னு கண்ணை மூடிட்டேன். அப்பதான் உன் டிரில் சத்தம். சொம்பால தட்டினேன். நீ பதிலுக்குத் தட்டின பாரு, மூணு தட்டு… அதுலதான் எனக்கு உசிரே வந்துச்சு. ஹம்சாவுக்குக் கேட்டுடுச்சு, கதவைத் திறக்க ஆளைக் கூட்டிட்டு வரப் போயிருக்கா, கொஞ்சம் நேரம் ஆகும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டே கிடந்தேன்."

அந்தக் 'கொஞ்ச நேரத்தில்' ஹம்சா பிராக்கெட் முடுக்கியதும், சர்க்கரை போதவில்லை என்று காப்பியில் இன்னொரு ஸ்பூன் போட்டுக் கலக்கியதும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. தலையாட்டிவிட்டு எழுந்துவிடலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனாலும் டீச்சரின் கை அவள் கையைப் பிடித்திருந்தது.

"டீச்சர், நீங்க கூப்பிடறேள்னு புரிஞ்சு நான் தட்டலை. நீங்க சத்தம் போடாதேன்னு தட்டறேள்னு நெனச்சுண்டேன். கோபத்துலதான் தட்டினேன். அப்புறம் உக்காந்து காப்பி குடிச்சேன்."

சரோஜாதேவி அவளையே பார்த்தார். பிடித்திருந்த விரல்கள் மெதுவாகத் தளர்ந்தன.

"நல்லவேளை," என்றார் கடைசியில், "அது எனக்கு அப்போ தெரியல. தெரிஞ்சிருந்தா சொம்போட உசிரையும் அங்கேயே விட்டிருப்பேன்."

அவர் சிரிக்கவும் இல்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. தண்ணீர் வேண்டும் என்று சைகை செய்தார். ஹம்சா டம்ளரைப் பிடித்தாள். டம்ளர் சாய்ந்து பாதித் தண்ணீர் போர்வையில் சிந்தியது. தளர்ந்திருந்த விரல்கள் எழுந்து வந்து, அவள் கையோடு சேர்த்து டம்ளரைப் பிடித்துக்கொண்டன.