தேவயானி முன்னால் நடந்த வழி

திருப்பதிச் சட்டக் கல்லூரி ஒன்று, அடுத்தவர் நிலத்தின் வழியே நடந்துபோகும் உரிமை பற்றிய பாடத்தை நீக்கிய மறுநாள், சத்தியவேட்டுக்குத் தெற்கே நான்கு வீடுகளுக்குப் போகும் பாதை காணாமல் போயிற்று. அந்த இடத்தில் ரங்கையாவின் வேர்க்கடலை, எப்போதும் அங்கேயே இருந்ததுபோல, பூத்து நின்றது. செடிகளுக்குள் இறங்கி நடந்தவர்கள் சிறிது நேரத்தில் தங்கள் வாசலிலேயே வந்து நின்றார்கள். முந்தைய ஆண்டு சாட்சியச் சட்டத்துக்கான வகுப்பு நேரத்தைக் குறைத்தபோது சித்தூர்ச் சந்தையில் பலருக்கு முந்தின நாள் மறந்துபோனது. அதையும் யாரும் பெரிதாகப் பேசவில்லை.

"என் கொல்லில தாரி எப்ப இருந்துச்சு, ஏகாம்பரம்?" என்று கேட்டார் ரங்கையா. பொய் பேசும் ஆள் அல்ல அவர். அந்தப் பாதையில் தாமே வண்டி ஓட்டியது உண்மையாகவே அவர் நினைவில் இல்லை.

அந்த நான்கு வீடுகளில் ஒன்றில் இருந்த ஏகாம்பரத்தின் மகள் தேவயானி அந்தக் கல்லூரியில் கடைசி ஆண்டு. சனிக்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கியவள் போனைப் பார்த்தபடியே கடலைக்குள் நடந்தாள். அவள் கால் வைத்த இடத்தில் செடிகள் விலகி வண்டித்தடம் தெரிந்தது. அவள் கடந்ததும் மூடிக்கொண்டது.

"எப்டிம்மா வந்த?"

"நடந்துதான் நைனா. பின்ன பறந்துக்கினா வருவாங்க?"

அவளுக்கு முன்னால் பட்டம் வாங்கிப் போனவர்கள் அந்தப் பாடத்தை மறந்திருந்தார்கள். உடன் படித்தவர்கள் கையெழுத்துப் போட்டு, அதற்குப் பதிலாக இணையக் குற்றச் சட்டத்தை எடுத்துக்கொண்டார்கள். அப்படி மாற்றாமல் பட்டம் கிடையாது. அந்தப் பாடத்தில் தேறி இன்னும் மாற்றாமல் இருந்தவள் தேவயானி ஒருத்திதான். வக்கீலானால் கோர்ட்டில் வழக்குப் போட்டுப் பாதையைக் கேட்கலாம். ஆனால் கையெழுத்துப் போட்டு வக்கீலாகிற அன்று கேட்பதற்குப் பாதையே இருக்காது.

வாரத்துக்கு இரண்டு முறை ஏகாம்பரத்துக்கு டயாலிசிஸ். தேவயானி முன்னால் நடக்க, அவர் பின்னால் போனார். பிறகு பக்கத்து வீட்டுக் காஞ்சனாவின் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் வந்தன. பிறகு ஸ்ரீசிட்டித் தொழிற்சாலைகளில் ஷிப்டுக்குப் போகிறவர்கள், கன்றை ஓட்டிக்கொண்டு ஒருவர், ஒரு கல்யாணத்துக்கு வந்த மாப்பிள்ளை வீட்டார். தேவயானி வகுப்புக்குப் போவது நின்றது. அவளுக்காகச் சித்தூரில் ஒரு வக்கீல் வைத்திருந்த நாற்காலியில் வேறு ஒருத்தி உட்கார்ந்தாள். ஆண்டுகள் போயின.

பட்டத்தை முடிக்கக் கடைசிக் கெடு வந்தபோது கல்லூரி குமாஸ்தா கிரண்குமார் போன் செய்தார். "ஒரே ஒரு கையெழுத்தும்மா, அந்தே, வேற ஒண்ணும் இல்ல. புதுப் பேப்பர் நீ தூங்கிக்கினே எழுதுவ."

"போயி போட்டுட்டு வா," என்றார் ஏகாம்பரம். "நான் வெளிய போயி என்னா கிழிக்கப் போறேன்? ரத்தத்த கழுவிக்கினு வரேன், அவ்ளோதான்."

அவள் போனாள். கிரண்குமார் பேனாவின் மூடியைத் திறந்தே நீட்டினார். அவள் அதை வாங்கி, சற்று நேரம் பிடித்திருந்து, மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டு, மறுநாள் டயாலிசிஸ் இருப்பதாகச் சொன்னாள். மதிய பஸ்ஸிலேயே திரும்பிவிட்டாள். ஏகாம்பரம் அன்று சாப்பிடவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் அவர் இறந்தார். அந்தப் பக்கத்தில் பெண்கள் தெருமுனையோடு நின்றுவிடுவது வழக்கம். ஆனால் பிணத்துக்கு முன்னால் நடப்பவர் கையில்தான் தீச்சட்டி இருக்க வேண்டும் என்பதும் வழக்கம். பங்காளிகள் கடலைச் செடிகளைப் பார்த்தார்கள். பிறகு சட்டியைத் தேவயானியிடம் கொடுத்தார்கள். அவள் நடக்க, ஈர மண்ணில் வழி விலகியது. பாடை அதில் போயிற்று.

சுடுகாட்டிலிருந்து திரும்பி வந்து, தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு அவள் நிற்கும்போது, காஞ்சனா தயங்கித் தயங்கி வந்தாள்.

"யக்கா, கேக்கவே கஷ்டமாக்கீது. நாளைக்கி புள்ளைங்களுக்கு பரீட்ச."

எட்டு மணிக்கு வருவதாகச் சொன்னாள் தேவயானி. பாடை போன இடத்தில் கடலை மூடியிருந்தது. சாவுக்கு வந்திருந்த ரங்கையா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அங்கே களை பிடுங்க இறங்கினார்.