காணாமற்போன ஓகாரம்

யேசுதாசன் தேங்காய்ப்பட்டணம் கடற்கரையில் மீன் ஏலம் விளிக்கிறவர். அவர் விளித்தால் ஆற்றுக்கு அக்கரையில் நிற்பவனுக்கும் விலை கேட்கும் என்பார்கள். அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. திருவனந்தபுரத்தில் பார்த்த டாக்டர், குரல்வளையை முழுதாக எடுத்தால்தான் ஆள் தப்புவார் என்று சொல்லிவிட்டார். இனி கழுத்தில் இடும் துளை வழியாக மூச்சு விடலாம். பேச முடியாது.

அது 2011 மழைக்காலம். அவருடைய மகள் ரெஜிஷா நாகர்கோவிலில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்த்தாள். ஆபரேஷனுக்கு நாள் குறித்த அன்றே ஆபீஸ் லேப்டாப்பை வீட்டுக்குக் கொண்டுவந்து, அப்பாவை மைக்குக்கு முன்னால் உட்கார்த்திவைத்தாள். வா, போ, தண்ணி, சோறு, வேண்டாம், போதும் என்று அவர் வாயில் வழக்கமாக வருகிற சொற்களை ஒவ்வொன்றாகப் பேசவைத்துப் பதிந்தாள். அவளை அவர் கூப்பிடுகிற ‘மோளே’யும், வயிறோ காலோ வலித்தால் முனகுகிற ‘நோவுது’வும் அதில் உண்டு. ‘வலி’ என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அதனால் அதைப் பதியவில்லை.

கூட வேலை பார்த்த சிஜோ அதற்கென்று ஒரு புரோகிராம் எழுதித் தந்தான். ஒவ்வொரு சொல்லும் ஒரு ஃபைல். ஃபைலுக்குத் தமிழில் என்ன பெயரோ அதுவே திரையில் பொத்தானாக வரும். அமுக்கினால் யேசுதாசனின் குரல் பேசும். எல்லாவற்றையும் ஆபீஸ் சர்வரில் எஸ்.வி.என்.னில் போட்டுவைத்தார்கள். யார் எதை மாற்றினாலும், எப்போது மாற்றினாலும் கணக்கு வைத்துக்கொள்கிற மென்பொருள் அது. யேசுதாசன் வீட்டிலிருந்தே பழகினார். எந்தச் சொல் எந்த வரிசையில் இருக்கிறது என்பது அவருக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

ஆபரேஷனுக்கு முந்தின வாரம் ஆபீஸ் தன் லேப்டாப்பைத் திருப்பிக் கேட்டது. கத்தாரில் இருந்த அண்ணன் பெனின், ஊருக்கு வந்த சிநேகிதன் கையில் ஒரு மேக் லேப்டாப் கொடுத்தனுப்பினான். அப்பாவைத் தியேட்டருக்குள் கொண்டுபோன பிறகு, ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து ரெஜிஷா எல்லாச் சொற்களையும் அந்த மேக்கில் இறக்கினாள். சில ஃபைல்கள் இரட்டையாகக் கிடந்தன. ஒரே பெயர் இரண்டு தடவை. ஒன்றை ‘காணவில்லை’ என்றது எஸ்.வி.என். மற்றதை ‘எனக்குத் தெரியாதது’ என்றது. டேட்டா கார்டு அறுந்து அறுந்து வந்ததில் இறக்கம் குழம்பிவிட்டது என்று அவள் நினைத்தாள். தெரியாதது என்றதையும் அழித்தாள், காணவில்லை என்றதையும் நீக்கினாள். பட்டியல் சுத்தமானது. அப்படியே சர்வருக்கும் ஏற்றிவிட்டாள். பிறகு ‘வா’வையும் ‘தண்ணி’யையும் அமுக்கிப் பார்த்தாள். அப்பாவின் குரல் கணீரென்று வந்தது. அதோடு லேப்டாப்பை மூடிவிட்டாள். கண் தியேட்டர் கதவிலேயே இருந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வார்டுக்கு மாற்றிய பிறகு, கொஞ்சம் தெம்பு வந்ததும், கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்த யேசுதாசனின் முன்னால் மேக்கை வைத்தாள். வலது கை டிரிப் ஏறி வீங்கியிருந்தது, பேனா பிடிக்க முடியாது. இடது கையில் மௌஸைப் பிடித்தார். அம்புக்குறி திரையில் மேலும் கீழும் அலைந்தது. ஓர் இடத்தில் நிற்கும், திரும்பும், மறுபடி அதே இடத்துக்கு வரும். அவர் முகம் கறுத்தது. ‘வேண்டாம்’ என்பதை அமுக்கினார். மறுபடியும் ‘வேண்டாம்’. பிறகு கையை எடுத்துக் கழுத்துக் கட்டைத் தொட்டுக் காட்டினார்.

“சத்தம் போனத நெனச்சு வருத்தப்படுதாரு,” என்றாள் அம்மா இசபெல். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். “பெட்டிய எடுத்து மாத்தி வச்சிரு மோளே. அவருக்கு அது வேண்டாமாம்.”

யேசுதாசன் இல்லை என்று தலையாட்டினார். அதையும் இசபெல் வருத்தம் என்றே எடுத்துக்கொண்டாள்.

ரெஜிஷா மட்டும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் அம்புக்குறி திரும்பத் திரும்ப நின்ற இடத்தை அவளும் பார்த்தாள். ‘நேத்து’ இருந்தது. அதற்கு அடுத்தாற்போல ‘பசி’. இடையில் ஏதோ இருந்ததே? ‘மோளே’யைத் தேடினாள். இல்லை. ‘போ’ இல்லை. ‘சோறு’ இல்லை. இனி எந்த மைக்குக்கு முன்னாலும் இந்த மனிதரை உட்கார்த்திவைத்துப் பதிய முடியாது.

வராந்தாவுக்கு ஓடிப்போய் சிஜோவைக் கூப்பிட்டாள்.

“சிஜோ, அப்பாக்க சொல்லெல்லாம் காணல்ல. கொறச்சு இருக்கு, கொறச்சு இல்ல. ஆபீஸ்ல இருக்கான்னு பாரு.”

சாவிப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அவன் குரல் தாழ்ந்தது. “இங்கயும் இல்ல ரெஜி. நீயாக்கும் அழிச்சது. உன் பேரு கெடக்கு.”

“நானா?”

“ஆபரேஷன் அன்னைக்கு. முப்பத்தேழு ஃபைல்.”

அவள் சுவரில் சாய்ந்தாள். இரண்டாய்க் கிடந்ததைத்தானே அழித்தோம், ஒன்றாவது மிச்சம் இருக்க வேண்டாமா? “ரெண்டாட்டு கெடந்துது சிஜோ. ஒரே பேரு ரெண்டு. நான் ஒண்ணத்தான்...” சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு நினைவு வந்தது. ஒன்றையல்ல, இரண்டையும்தான் அழித்திருந்தாள்.

“பதறாத. எஸ்.வி.என்.ல அழிச்சாலும் பழசு அடியில கெடக்கும். எடுத்திரலாம்,” என்றான் சிஜோ. ஆனால் அவனும் பதறித்தான் இருந்தான். அழிந்த பெயர்களை வாய்விட்டு வாசிக்கத் தொடங்கினான். “கொண்டா. கோழி. சோறு. தோணி. நோவுது. போ. போதும். மோளே. மோனே...” சட்டென்று நிறுத்தினான். “ஏய். எல்லாம் ஒகரமும் ஓகாரமும் ஆக்கும். வேற ஒரு எழுத்தும் போகல்ல.”

“அது எப்படி?”

“மோ எழுதும்போ முன்னால ஒரு கொம்பு, பின்னால ஒரு கால் இல்லியா? நம்ம ஆபீஸ் மெஷின் அத ஒற்றைக் குறியாட்டு வைக்கும். மேக் அத ரெண்டாட்டு உடைச்சு, கொம்பு தனி, கால் தனின்னு வைக்கும். நம்ம கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான். எஸ்.வி.என்.னுக்கு ரெண்டும் வேற வேற பேரு. நான் வச்ச மோளேய காணல்ல, இது ஏதோ புது மோளேன்னு சொல்லியிருக்கு. உள்ள இருந்தது ஒரே ஒரு மோளேதான் ரெஜி.”

ரெஜிஷாவுக்குத் தமிழ் எழுதத் தெரிந்த நாள்முதல் எழுதிவருகிற எழுத்து. அது இப்படி இரண்டாகப் பிளந்து, பிளந்த இடத்தில் அப்பாவின் குரல் விழுந்து போயிருக்கிறது. அதுவும் அவள் கையாலேயே.

“பேர இங்கிலீஷ் எழுத்துல மாத்தி அனுப்புதேன். பொத்தான்ல மட்டும் தமிழ் வரும்,” என்றான் சிஜோ. “எத மொதல்ல அனுப்பட்டும்? உன் கார்டுல எல்லாம் ஒண்ணா வராது.”

யோசிக்கவே இல்லை அவள். “மோளே. அவரு அதத்தான் தேடுதாரு.”

வந்து சேர்ந்ததும் வார்டுக்குள் ஓடினாள். அப்பாவின் முன்னால் லேப்டாப்பை வைத்து, புதிதாக வந்த பொத்தானைக் காட்டி, தானே அமுக்கினாள்.

“மோளே!”

கடற்கரையில் நின்று கூப்பிடுகிற அதே குரல். இசபெல் வாயைப் பொத்திக்கொண்டாள். பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார். யேசுதாசனும் ஒரு கணம் அதிர்ந்துபோனார். தன் குரலைத் தானே கேட்ட அதிர்ச்சி அது. பிறகு கண்ணை மூடி, இல்லை, இல்லை என்று தலையாட்டினார். மௌஸைப் பிடுங்காத குறையாக வாங்கி, பழைய இடத்துக்கே அம்புக்குறியைக் கொண்டுபோனார். ‘நேத்து’வுக்கும் ‘பசி’க்கும் நடுவில். அங்கே நிறுத்தி, மகளின் முகத்தைப் பார்த்தார்.

அவர் நெற்றியில் வியர்வை நின்றதை ரெஜிஷா அப்போதுதான் கண்டாள்.

ஃபோனை எடுத்தாள். “சிஜோ, ந வரிசையில போனது என்னது?”

“நோவுது. அது ஒண்ணுதான்.”

“அத அனுப்பு. இப்பமே அனுப்பு.”

அது வந்து, பொத்தான் திரையில் தெரிந்ததோ இல்லையோ, யேசுதாசன் அமுக்கிவிட்டார்.

“நோவுது.”

மறுபடி அமுக்கினார். “நோவுது. நோவுது. நோவுது.” ஏலம் விளித்தவரின் குரல் வார்டு முழுக்கப் பரவியது. அமுக்குகிற விரல் நிற்கவில்லை.

நர்ஸ் கிரேசி ஓடிவந்தாள். மார்த்தாண்டத்துக்காரி. “யாருக்கு நோவுது?” என்று கேட்டபடி கட்டைப் பிரித்தாள். வலது பக்கத் தையலுக்குக் கீழே சிவந்து வீங்கியிருந்தது. லேசாகத் தொட்டதற்கே யேசுதாசனின் உடம்பு துள்ளியது.

“எப்பம் தொடங்கிச்சு அங்கிள்?”

அவர் ஒரு சொல் மேலே போனார்.

“நேத்து.”

கிரேசி டாக்டரைக் கூப்பிட ஓடினாள். இசபெல் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “நேத்தா?” என்று மட்டும் கேட்டாள். நேற்று முழுக்க அவள் அவர் தலையைத் தடவிக்கொடுத்து, சத்தம் போனா என்ன, ஆளு இருக்கீரே என்று தேற்றிக்கொண்டிருந்தாள். கழுத்தைத் தொட்டுக் காட்டும்போதெல்லாம் கையை மெல்ல எடுத்துவிட்டாள்.

தையலுக்குள் நீர் கோத்துச் சீழ் பிடித்திருந்தது. அங்கேயே இரண்டு தையலைப் பிரித்து வடியவிட்டார் டாக்டர். இன்னும் ஒருநாள் தாமதித்திருந்தால் உள்ளே பிய்ந்திருக்கும் என்றார். மருந்தை மாற்றி எழுதினார். சாயங்காலம் யேசுதாசன் வாய் லேசாகத் திறந்தபடி அயர்ந்து தூங்கினார். கழுத்துத் துளையில் மூச்சு சீராக வந்தது.

சிஜோ அனுப்பிய மிச்சச் சொற்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. ரெஜிஷா காதில் ஹெட்ஃபோனை மாட்டி ஒவ்வொன்றையும் கேட்டுச் சரிபார்த்தாள். போ சரியாக இருந்தது. போதும் சரியாக இருந்தது. ‘நோவுது’வின் முறை வந்தபோது அவளால் அமுக்க முடியவில்லை.

“என்னட்டி, எல்லாம் வந்தாச்சா?” என்று கேட்டாள் இசபெல்.

“வந்தாச்சு.”

“நம்மளுக்கு ஏன் மனசிலாகல்ல மோளே? ரெண்டு பேரும் பக்கத்துலதானே இருந்தோம்.”

ரெஜிஷா ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு, தூங்குகிற அப்பாவின் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.