கப்பல்காரி கடையைப் பார்த்துக்கொண்டாள்

துறைமேடையில் கால் வைத்ததும் தரை ஆடியது. வாரக்கணக்கில் கடலில் கிடந்துவிட்டு வருகிறவர்களுக்கு அது வழக்கம்தான். ஆனால் முன்பெல்லாம் அந்த ஆட்டம் அவளுக்குச் சிரிப்பை வரவழைக்கும். இந்தத் தடவை கம்பியைப் பிடித்துக்கொண்டு, அது நிற்கட்டும் என்று காத்திருந்தாள்.

இந்த ஊர்க் கடைத்தெருவில் அவளுக்குக் கப்பல்காரி என்று பேர். கப்பல் என்பதெல்லாம் அதிகம். ஒரு பாய்மரப் படகு, அவ்வளவுதான். கையை நீட்டினால் அடுப்பு, காலை நீட்டினால் கட்டில். பிள்ளைகள் வேலைக்குப் போய் அவரவர் பாட்டைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்ததும், அவளும் அவள் புருஷனும் வீட்டை விற்று அதை வாங்கினார்கள். அன்றிலிருந்து கடலே கதி. பெரிய கடலைத் தாண்டுவதற்கு முன்னால் அரிசி, தண்ணீர், டீசல் எல்லாம் நிரப்பிக்கொள்ள இந்தத் துறைமுகத்தை விட்டால் வேறு இடம் கிடையாது. அதனால் பல தடவை வந்து பழகிய ஊர். எந்தக் குழாயில் தண்ணீர் வரும், எந்தத் தெருவில் தள்ளுவண்டிச் சக்கரம் மாட்டிக்கொள்ளும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

இந்தத் தடவை வரும் வழியில் தானாகத் திசை பிடிக்கும் கருவி பழுதாகிவிட்டது. இருவரும் மாறி மாறிச் சுக்கானைப் பிடித்தார்கள். ஒருவர் தூங்கும்போது மற்றவர் விழித்திருக்க வேண்டும் என்பதால், ஒருவர் முகத்தை ஒருவர் சரியாகப் பார்த்தே பல நாளாகியிருந்தது.

"நாளன்னிக்குக் காத்து திரும்புது" என்றார் அவள் புருஷன், கைப்பேசியைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு. "அதுல ஏறிட்டா அந்தப் பக்கம் போய்ச் சேந்துடலாம். விட்டுட்டோம்னா புயல் சீசன் முடியற வரைக்கும் இங்கேயே கிடக்க வேண்டியதுதான். இன்னிக்கே சாமான் எடுத்துட்டா நல்லது."

"சரிங்க" என்றாள். அவள் எப்போதும் சொல்வது அதைத்தான். தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு மேட்டுத் தெருவில் ஏறினாள்.

மளிகையும் காய்கறியும் சேர்த்து விற்கும் அந்தக் கடையின் அக்கா வாசலில் நின்று வெங்காய மூட்டையை இறக்குகிறவர்களைத் திட்டிக்கொண்டிருந்தாள். கப்பல்காரியைப் பார்த்ததும் திட்டு அப்படியே இவள் பக்கம் திரும்பியது.

"வந்துட்டியா? எங்கேயோ முழுகிட்டேன்னு நெனச்சேன்."

"முழுகறதுக்குக்கூட நேரம் கிடைக்கலை அக்கா."

அக்காவுக்கு இவள் தேவை என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. கழுவாத உருளைக்கிழங்கு, மேல் இலை உரிக்காத முட்டைக்கோஸ், குளிர்ப்பெட்டியைப் பார்க்காத முட்டை. அந்த முட்டைகளுக்கு எண்ணெய் தடவி வைத்தால் மாதக்கணக்கில் தாங்கும். அட்டைப்பெட்டி எதுவும் படகுக்குள் போகக் கூடாது, அதில் கரப்பான் முட்டையிட்டிருக்கும். இதையெல்லாம் அக்கா ஒருமுறை கேட்டதோடு சரி, மறக்கவில்லை.

அக்கா உருளைக்கிழங்கை நிறுத்துக்கொண்டிருக்கும்போது கைப்பேசி அடித்தது. மறுமுனையில் மருமகன். பேசி முடித்துவிட்டு அக்கா மறுபடி தராசுத் தட்டில் கிழங்கை அள்ளிப் போட்டாள். தட்டு வழிந்து கிழங்குகள் தரையில் உருண்டன. அவள் பாட்டுக்குப் போட்டுக்கொண்டே இருந்தாள்.

"என்னக்கா?"

"பொண்ணுக்கு வலி எடுத்துடுச்சாம். நாள் இன்னும் இருக்கு. மாப்பிள்ளை குரலே சரியில்ல."

மகள் இருப்பது உள்நாட்டு ஊரில், பஸ்ஸில் பாதி நாள் பயணம். அக்காவின் புருஷன் லாரி ஓட்டுகிறவர், சரக்கு ஏற்றிக்கொண்டு எங்கோ போயிருந்தார். வாரத்துச் சரக்கு அன்றுதான் வந்து இறங்கியிருந்தது. மாணவர் விடுதிக்காரர்கள் காய்கறி எடுக்க வருவார்கள். கடையை அடைத்தால் அவ்வளவும் அழுகும்.

"நீங்க கிளம்புங்க. நான் பாத்துக்கறேன்" என்றாள் கப்பல்காரி. யோசித்துச் சொன்னதில்லை. வாயிலிருந்து வந்துவிட்டது.

"உனக்கு விக்கறதைப் பத்தி என்ன தெரியும்?"

"இத்தனை வருஷமா உங்ககிட்ட வாங்கியிருக்கேனே. நீங்க ஏமாத்தின மாதிரியே நானும் ஏமாத்தறேன்."

அக்கா சிரிக்க முயன்றாள். முடியவில்லை. நாளைச் சாயங்காலம் வந்துவிடுகிறேன் என்று சாவியைக் கையில் திணித்துவிட்டு, மாற்றுப் புடவைகூட எடுக்காமல் பஸ் நிலையத்துக்கு ஓடினாள்.

கல்லாவுக்குப் பின்னால் ஒரு மர நாற்காலி இருந்தது. கப்பல்காரி அதில் உட்கார்ந்தாள். நாற்காலி ஆடவில்லை. எதையும் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. காலை மடக்கி எதிலாவது முட்டுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அப்படியே சாய்ந்தாள். அதற்குள் ஒருவர் தீப்பெட்டி கேட்டு வந்தார்.

மத்தியானம் அவள் புருஷன் தேடிக்கொண்டு வந்தார்.

"சாமான் எங்க?"

"கடை பூரா சாமான்தான்."

விஷயத்தைச் சொன்னாள். அவர் தாடியைச் சொறிந்துகொண்டார். "நாளைக்குச் சாயங்காலம் வந்துடுவாங்கன்னா பிரச்சனையில்ல. மறுநாள் விடியக் கிளம்பிக்கலாம்" என்றார். சும்மா உட்காரத் தெரியாத மனிதர். மூட்டைகளை உள்ளே அடுக்கினார். அது முடிந்ததும் அலமாரிகளைப் பார்த்தார். பாட்டில்கள் விளிம்பில் நிற்பது அவருக்குப் பொறுக்கவில்லை. எங்கிருந்தோ கயிறு எடுத்து ஒவ்வொரு தட்டுக்கும் குறுக்கே கட்டினார். பாட்டில்களுக்கு நடுவில் துணியைச் சொருகினார். இனி அந்தக் கட்டடமே கவிழ்ந்தாலும் ஒரு டப்பா கீழே விழாது.

பக்கத்துக் கடைத் தையல்காரர் வந்து அலமாரியில் கை வைத்து இழுத்துப் பார்த்தார். "ஏம்மா, இந்தத் தேன் பாட்டில் அப்படி என்ன தப்பு பண்ணுச்சு, இப்படிக் கட்டிப் போட்டிருக்கீங்க?"

அவள் புருஷன் முடிச்சை அவிழ்த்து, பாட்டிலைக் கொடுத்துவிட்டு, மறுபடி கட்டினார்.

மறுநாள் காலையிலேயே, எதிர்பார்த்ததற்கு ஒரு நாள் முன்னால், காற்று திரும்பிவிட்டது. கப்பல்காரிக்கு யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. வாசலில் தொங்கிய கோணி எதிர்ப்பக்கமாக அசைந்ததைப் பார்த்ததும் புரிந்தது. கொஞ்ச நேரத்தில் புருஷன் மூச்சிரைக்க மேட்டில் ஏறி வந்தார்.

"இன்னிக்கே கிளம்பணும். மத்தியானத்துக்குள்ள வெளியில போயிடணும். நாளைக்கு இந்தக் காத்து இருக்காது. எல்லாரும் கிளம்பறாங்க."

அவள் பதில் சொல்வதற்குள் அக்காவிடமிருந்து அழைப்பு வந்தது. இரண்டு கையும் கீரைக்கட்டில் இருந்ததால் கைப்பேசியைக் கல்லாமேல் வைத்துப் பேசினாள். இன்னும் பிறக்கவில்லை, ஆபரேஷன் செய்யப் போகிறார்களாம், வர முடியாது என்றது அக்காவின் குரல். கரகரத்துப் போயிருந்தது. "நீ உன் வேலையைக் கெடுத்துக்காத. கடையைப் பூட்டி, சாவியைத் தையல்காரர்கிட்ட குடுத்துட்டுக் கிளம்பு. போனது போகட்டும்."

"அதையெல்லாம் யோசிக்காதீங்க அக்கா. பொண்ணைப் பாருங்க."

அழைப்பு முடிந்தது. புருஷன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பூட்டிட்டுப் போகச் சொல்லிட்டாங்களே."

"ஆமா."

"அப்புறம் என்ன?"

தக்காளி அழுகிவிடும் என்று சொல்லியிருக்கலாம். விடுதிக்காரர்கள் வருவார்கள் என்று சொல்லியிருக்கலாம். இரண்டும் உண்மைதான். அவள் கீரைக்கட்டைக் கீழே வைத்தாள்.

"என்னால முடியலைங்க."

"உடம்பு சரியில்லையா?"

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. கடை ஒரு சாக்கு. அக்கா இன்னிக்கே வந்திருந்தாலும் நான் வேற ஏதாவது சாக்குத் தேடியிருப்பேன். மறுபடி அந்தச் சுக்கானைப் பிடிக்கணும்னு நெனச்சாலே கை வரமாட்டேங்குது."

"இதை வர்ற வழியிலயே சொல்லியிருக்கலாமே" என்றார்.

"நடுக்கடல்ல சொன்னா எங்க இறங்கறது?"

அவருக்குக் கோபம் வந்தது. முகத்தில் தெரிந்தது. எதையோ சொல்ல வாயெடுத்துவிட்டு, அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டார். எதிர்வரிசையில் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே கடல் ஒரு கீற்றாகத் தெரியும். அதில் ஒவ்வொரு பாயாக வெள்ளையாக வந்து, மறைந்து போய்க்கொண்டிருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கீரை விற்றாள், முட்டை விற்றாள். திரும்பிப் பார்த்தபோது அவர் சுவரில் சாய்ந்து வாயைத் திறந்தபடி தூங்கிப்போயிருந்தார்.

அவர் தூங்கும்போது அவள் விழித்திருந்து எத்தனையோ நாள் பார்த்ததுதான். ஆனால் அது இருட்டில், அவர் கீழறையிலும் அவள் மேலே சுக்கானிலுமாக, காதை மட்டும் தீட்டிக்கொண்டு. பகல் வெளிச்சத்தில் இன்றுதான் பார்த்தாள். கன்னம் ஒட்டியிருந்தது. கயிறு இழுத்த விரல்கள் தூக்கத்திலும் விரியாமல் எதையோ பிடித்தமாதிரி மடங்கியிருந்தன. இந்த மனிதரா நேற்று இரவு தூக்கம் வரவில்லை என்று பழுதான கருவியைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்று நினைத்தாள்.

அரிசி வாங்க வந்த ஒரு பெண், "யாரும்மா இது?" என்றாள்.

"எங்க வீட்டுக்காரர்தான். கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. அந்த மூட்டையில இருந்துதான் வேணும்னா அப்புறமா வாங்க."

மத்தியானம் தாண்டியும் அவர் எழுந்திருக்கவில்லை. அவளும் எழுப்பவில்லை.

அக்கா அதற்கு மறுநாள் வந்தாள். பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் நலம். சொல்லிவிட்டு உள்ளே நுழைந்தவள் அலமாரியைப் பார்த்து நின்றுவிட்டாள். முடிச்சு முடிச்சாக இருந்த கயிற்றைத் தொட்டுப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பு எப்போது அழுகையானது என்று தெரியாமல், நாற்காலியில் சரிந்தாள். கப்பல்காரி அவளுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தாள். தனக்கும் ஒரு டம்ளர் ஊற்றிக்கொண்டாள்.

"காத்து போயிடுச்சாமே. தையல்காரர் சொன்னார். என்னாலதானே?"

"இல்லக்கா. என்னால."

அக்கா அவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். மேற்கொண்டு கேட்கவில்லை. "அப்ப சீசன் பூரா இங்கதான். வாரத்துல ரெண்டு நாள் நீ கடையில உக்காரு. நான் பேத்தியைப் பாத்துட்டு வருவேன்" என்றாள்.

புருஷன் கோபம் தணிய நாளாயிற்று. சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், கேட்டதற்குப் பதில் சொல்வார், அதற்குமேல் ஒரு வார்த்தை கிடையாது. தானாகவே துறைமுக அலுவலகத்துக்குப் போய், புயல் காலம் முடியும்வரை படகைக் கட்டிவைக்க உள்பக்கமாக ஓர் இடம் கேட்டு வாங்கினார். பிறகு ஒரு காலையில், "ஒரு கை பிடி" என்றார்.

பெரிய பாயைக் கழற்றி மடிக்க வேண்டும். துறைமேடையில் விரித்துப் போட்டார்கள். உப்பு ஏறி மொடமொடவென்றிருந்தது. ஒரு முனையில் அவர், மறுமுனையில் அவள். ஒரு மடிப்பு மடித்து, காற்றை அழுத்தி வெளியேற்றி, அடுத்த மடிப்பு. இதைச் செய்யும்போது பேச்சு தேவைப்படுவதில்லை.

"அடுத்த சீசன்ல பாப்போம்" என்றார், குனிந்தபடியே.

போவோம் என்று அவர் சொல்லவில்லை. அவள் அதைக் கவனித்தாள். கவனித்ததைக் காட்டிக்கொள்ளாமல் தன் பக்கத்து ஓரத்தை அவர் பக்கத்தோடு சேர்த்துப் பிடித்து, முழங்காலால் அழுத்தினாள். இன்னும் பாதிப் பாய் மடிக்கக் கிடந்தது.