சுஹைல் எழுந்து நின்றான்

ஏற்காடு கடைவீதியில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருக்கிறது எங்கள் அலுவலகம். லாட்ஜ்களில் அறை பதிவு செய்வதற்கான மென்பொருள் எழுதுகிறோம். அங்கே ஒரு வழக்கம் உண்டு. வேலையில் சிக்கிக்கொண்டவர் வாய் திறக்க வேண்டாம். எழுந்து நின்றால் போதும். பார்த்தவர் யாராவது நாற்காலியை இழுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். எங்கள் குழுத் தலைவி ஹேமலதா கொண்டுவந்த வழக்கம் அது. கேள்வி கேட்க வெட்கப்படுகிறவர்கள்தான் அதிகம் என்று அவருக்குத் தெரியும்.

வெட்கத்தில் முதலிடம் சுஹைலுக்கு. கடைவீதியில் மிளகு வியாபாரம் செய்யும் சையத் இப்ராஹிமின் மகன். வந்த புதிதில் நாளெல்லாம் நின்றுகொண்டேதான் இருந்தான். "என்ன சாமி, கால் வலிக்கலையா?" என்று கேட்டபடி ஹேமலதா போய் உட்காருவார். மழைக்காலம் முடிவதற்குள் அவன் எழுதிய பகுதியை மலையில் பாதி லாட்ஜ்கள் பயன்படுத்தின. எனக்குக்கூடக் கொஞ்சம் பொறாமைதான்.

கெட்டிக்காரன் என்று பெயர் வந்ததே வினையாகிவிட்டது. மேலிடம் அவனைச் சென்னைக் குழுவுக்கு மாற்றியது. இருக்கை அதேதான், வேலை மட்டும் திரை வழியே, பாலசுப்பிரமணியம் என்ற மேலாளருக்குக் கீழே. அவருடைய ஆட்களுக்கு நாங்கள் உதவக் கூடாதாம், யார் வேலை யாருடையது என்று குழம்புமாம். அந்த மனிதருக்குத் தெரிந்த ஒரே கேள்வி, "முடிஞ்சுதா, இல்லையா?"

சுஹைல் சிக்கிக்கொண்டான். பழக்கத்தில் எழுந்து நின்றான். கேமராவில் அவன் சட்டைப் பொத்தான்கள்தான் தெரிந்திருக்கும். அங்கே ஒருவருக்கும் அதன் பொருள் தெரியாது. ஹேமலதா ஒருமுறை பொறுக்காமல் போய் உட்கார்ந்தார். அன்றே அவருக்கு எச்சரிக்கை வந்தது. கடைசியில் பாலசுப்பிரமணியம் மதிப்பீடு எழுதினார்: 'கூட்டங்களில் கவனமில்லை, அடிக்கடி எழுந்துவிடுகிறார். திறமை போதாது.' அன்று மாலையே சுஹைல் ராஜினாமா அனுப்பிவிட்டான்.

ஹேமலதா சென்னைக்கே போய்ச் சண்டை போட்டார். அவனைத் திரும்ப எங்கள் குழுவில் சேர்த்துக்கொள்ளச் சம்மதம் வாங்கினார். அவன் ராஜினாமாவை வாபஸ் வாங்கினால் போதும். அதைச் சொல்ல நானே அவன் அப்பாவின் மிளகுக் கடைக்கு ஓடினேன்.

கோணி ஊசியால் மிளகு மூட்டையைத் தைத்துக்கொண்டிருந்தான் சுஹைல்.

"நொம்ப சந்தோசங்க, பவித்ராக்கா. ஆனா நான் வரலீங்க. அந்த வேலைக்கு நான் லாயக்கில்லீங்க."

"எவன் சொன்னான்? இன்னைக்கும் லாட்ஜுக்காரங்க நீ எழுதுனதுலதான் ரூம் போடறாங்க!"

"அது ஹேமலதாக்கா செஞ்சதுங்க. நான் டைப் மட்டுந்தான் அடிச்சேன்."

கோபத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. "அவங்க பக்கத்துல சும்மா உக்காந்திருந்தாங்கடா. ஒரு வரிகூட அவங்க எழுதலை. நான் பாத்தேன்."

அவன் சிரித்தான், அழுகிற குழந்தையைச் சமாதானப்படுத்துகிற மாதிரி. "ஊட்டுக்குப் போங்க்கா, மழை வருது" என்றான்.

நான் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட அவன் நம்பவில்லை.