எட்டுக்கு நாலு

தண்ணீர் மெத்தையின் ஓரத்தைத் தொட்டதும், கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தவள் அதை அப்படியே போட்டுவிட்டு வந்து அவர் தலைமாட்டில் உட்கார்ந்தாள். இனி காத்திருப்பதுதான் வேலை. எழுபத்தெட்டு கிலோ கணவரை மணலில் இழுத்துப் பார்த்தாயிற்று. மூன்று சாண் நகர்ந்தார். அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. ஆனால் அவர் கிடந்தது காற்றடைத்த மெத்தையில். தண்ணீர் ஒரு சாண் ஏறினால் மெத்தை மிதக்கும். மூன்று சாண் ஏறினால் அவரோடு சேர்ந்து கடலுக்குப் போய்விடும். நடுவே உள்ள இரண்டு சாணுக்குள் எல்லாவற்றையும் முடித்தாக வேண்டும்.

ஆற்றின் வாயில், கரையிலிருந்து நான்கு கிலோமீட்டர் தள்ளிக் கிடந்த மணல்திட்டு அது. பௌர்ணமியை ஒட்டி இரண்டு நாள், பகல் நேரக் கடலேற்றத்தில் முழுசாக முங்கிப்போகும். அதைச் சொன்னதும் அவர்தான். நேற்று இரவு படுக்கப்போகும்போது, ஏதோ ரயில் நேரம் சொல்வதுபோல, "பத்தரைக்கு முங்கும். நாம ஒன்பதுக்குக் கிளம்பிடுவோம்" என்றார்.

காலை ஆறரைக்குத் தேநீர் கேட்டார். "வாயு மாதிரி இருக்கு" என்று நெஞ்சைத் தடவினார். அவள் அடுப்பைப் பற்றவைத்து, சர்க்கரை டப்பாவைத் தேடி, "எங்கங்க வச்சீங்க?" என்று திரும்பியபோது பதில் சொல்ல ஆள் இல்லை. பள்ளி வேன் ஓட்டுகிறவர்களுக்கு ஆண்டுக்கொரு முறை சொல்லித்தருவார்கள்: நெஞ்சில் முப்பது அமுக்கு, வாயில் இரண்டு ஊது. அவள் வரிசை மாறாமல் செய்தாள். முப்பது, இரண்டு. முப்பது, இரண்டு. முக்கால் மணி நேரம். கைபேசியில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. தேநீர் கொதித்துத் தீய்ந்து, பாத்திரம் கறுத்தது.

ஒன்பதேகாலுக்கு மெத்தை லேசாக அசைந்தது.

"கிளம்பணுங்க" என்றாள்.

படகு முழங்கால் ஆழத்தில் நங்கூரத்தில் நின்றது. ஒரு பிளைவுட் பலகையின் அளவு எட்டடிக்கு நாலடி. படகின் அளவும் எட்டடிக்கு நாலடி. கப்பல் கட்டும் கலையைப் பற்றி அவர் இதற்கு மேல் யோசித்ததில்லை. பகலில் மூக்குக் கண்ணாடிக் கடை, மாலையில் கப்பல் பட்டறை. பட்டறை என்பது வீட்டின் சாப்பாட்டு அறை. பதினாலு மாதம் இருவரும் அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். முன்பக்கம் கூர்மையாக இருக்க வேண்டுமே என்று அவள் கேட்டதற்கு, "கூர் வச்சா காலை எங்க நீட்டறது?" என்றார். படுக்க இடம் வேண்டும் என்பதற்காக உள்ளே ஒரு பெட்டியோ தடுப்போ வைக்கவில்லை. மொத்தத்தில் பாய்மரம் நட்ட தீப்பெட்டி.

அந்த மொட்டை மூக்கு இன்றைக்கு உதவியது. அவள் ஏறி அதன் மேல் உட்கார்ந்தாள். அவளுடைய ஐம்பத்துநாலு கிலோவுக்கு அது தண்ணீருக்குள் அமிழ்ந்தது. மெத்தையை இழுத்து மூக்கின் மேல் ஏற்றி, அவருடைய இரண்டு அக்குளிலும் கைகொடுத்துப் பின்னால் நகர்ந்தாள். அவள் நகர நகர மூக்கு எழுந்தது. கணுக்கால் அளவு தண்ணீரும் மெத்தையுமாக அவர் உள்ளே வந்தார். தலை பாய்மரத்தில் இடித்தது. "ஐயோ, வலிச்சுதா?" என்று கேட்டுவிட்டாள்.

தண்ணீரைக் குவளையால் இறைத்தாள். மிதவைச் சட்டையை அவருக்கு மாட்டிவிட்டாள். அதன் முதுகில் 'உயிர் காக்கும் உடுப்பு' என்று பெரிதாக அச்சடித்திருந்தது. வெயில் படாமல் தொப்பியை முகத்தில் வைத்தாள்.

பிறகுதான் உண்மையான சிக்கல் வந்தது. படகை ஓட்ட வேண்டும்.

சின்னப் படகில் காற்று பாயை ஒரு பக்கம் சாய்க்கும். எதிர்ப்பக்கம் யாராவது உட்கார்ந்து சரிக்கட்டாவிட்டால் கவிழும். பதினோரு வருடமாக அந்த யாராவது அவள்தான். அவளுக்கு அவர் வைத்த பெயர் பாரம். "பாரம், வலது! பாரம், நடு! பாரம், தலையக் குனி!" பழக்கதோஷத்தில் வீட்டிலும் அதுவே நிலைத்தது. "பாரம், துண்டு எங்க?" சுக்கான் மட்டும் அவர் கையைவிட்டு நகராது. ஒரு தடவை கேட்டிருக்கிறாள். "இது வேன் இல்லம்மா" என்றார். தினமும் நாற்பது பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவளிடம்.

காற்று வலப்பக்கமிருந்து வந்தது.

"பாரம், வலது" என்றாள். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. ஈர மெத்தை எளிதாக வழுக்கியது. அவரை வலப்பக்கச் சுவரோடு ஒட்டித் தள்ளி, கூடாரக் கயிற்றால் நெஞ்சிலும் முழங்காலிலும் கட்டினாள். கட்டாவிட்டால் படகு சாயும்போது அவரும் சாய்கிற பக்கமே வழுக்கிப்போவார்; அதோடு கதை முடிந்தது. கவிழ்ந்தால் அவள் நீந்துவாள். உடுப்பு அவரை மிதக்க வைக்கும். ஆனால் ஏற்றம் முடிந்து இறங்கத் தொடங்கும் ஆற்று நீர் அவரை எந்தக் கடலுக்கு மிதக்க வைக்கும் என்று யாருக்கும் தெரியாது. மகளிடம் என்ன சொல்வாள்? அப்பா இருந்தார், கை நழுவிவிட்டது என்றா?

நங்கூரத்தை இழுத்து உள்ளே போட்டு, பாயை ஏற்றினாள். நீலத் தார்ப்பாயில் அவர் கையால் தைத்த பாய். அது படாரென்று காற்றைப் பிடித்தது. படகு கிளம்பியது. நேராக மணல்மேட்டை நோக்கி.

வலப்பக்கம் போக வேண்டும் என்று சுக்கான் கழியை வலப்பக்கம் தள்ளியிருந்தாள். அது இடப்பக்கம் திரும்பியது. இன்னும் பலமாக வலப்பக்கம் தள்ளினாள். இன்னும் வேகமாக இடப்பக்கம் போனது. முப்பது வருட ஸ்டியரிங் கை அது, லேசில் கேட்காது. அடியில் மணல் கரகரவென்று உரசியது. "இது வேன் இல்ல, இது வேன் இல்ல, இது வேன் இல்ல" என்று பல்லைக் கடித்துக்கொண்டு, மனசு சொல்வதற்கு நேர் எதிராகக் கழியைத் தள்ளினாள். மூக்கு மெல்ல வலப்பக்கம் திரும்பியது. உரசல் நின்றது.

கண் எரிந்தது. அழுதால் கண் மறைக்கும். கண் மறைத்தால் சிவப்பு மிதவை தெரியாது. அந்த மிதவைக்கு அப்பால் தண்ணீருக்கடியில் பாறை. அதற்கு முன்பே திரும்பியாக வேண்டும். எனவே அழுகையைக் கரை வரைக்கும் தள்ளிவைத்தாள். வேனில் பிள்ளைகளிடம் சொல்வதுபோல, "இறங்கினதுக்கப்புறம்" என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

பாதி வழியில், கழுத்தில் தொங்கிய பிளாஸ்டிக் உறைக்குள் கைபேசி அலறியது. மகள். கட்டைவிரலால் உறைக்கு மேலேயே அழுத்தி ஸ்பீக்கரில் போட்டாள்.

"எங்கம்மா இருக்கீங்க?"

"தண்ணியிலதான்."

"அப்பாவுக்கு மூணு தடவ அடிச்சிட்டேன், லைனே போகல. எங்க அவரு?"

"இங்கதான். என் காலடியில."

"அப்பாவா? உன் காலடியிலயா?" மகள் சிரித்தாள். "ஒரு போட்டோ எடும்மா. பிரேம் போட்டு மாட்டிடலாம்."

அவள் மிதவையைப் பார்த்தபடி இருந்தாள்.

"மாத்திரை போட்டாரா?"

"நேத்து போட்டாரு."

"இன்னைக்கு?"

"இன்னைக்குப் போடல."

"நீ சொன்னாத்தானே போடுவாரு. குடு அவர்கிட்ட, நானே நாலு வார்த்தை கேக்கறேன்."

காற்று ஒரு உதை உதைத்தது. படகு சாய்ந்தது. கயிறு இறுகி, அவர் உடல் ஒரு விரல்கடை இறங்கி நின்றது. "இருடி, கை ரெண்டும் வேலையா இருக்கு. ஒண்ணுல பாய்க்கயிறு, ஒண்ணுல சுக்கான்."

மறுமுனையில் சிரிப்பு நின்றது.

"சுக்கான நீயா பிடிச்சிருக்க?"

அவள் பாய்க்கயிற்றை இன்னும் ஒரு பிடி இழுத்தாள்.

"அம்மா. அப்பா ஏன் பிடிக்கல?"

பாய் படபடத்தது. தண்ணீர் பலகையில் மோதியது. அவ்வளவுதான் கேட்டிருக்கும்.

"அம்மா..."

"கரைக்கு வந்துகிட்டிருக்கோம் கண்ணு. வெக்கிறேன்."

உடனே மறுபடி அடித்தது. மறுபடியும் அடித்தது. மார்பின் மேல் அது அதிர்ந்துகொண்டே இருந்தது, அவள் தொடவில்லை. பிறகு நின்றுவிட்டது. நின்றதுதான் அவளுக்கு அதிகம் பயமாக இருந்தது.

சிவப்பு மிதவை பெரிதாகிக்கொண்டே வந்தது. இங்கே வலப்பக்கம் திரும்ப வேண்டும். திரும்பினால் காற்று இடப்பக்கமிருந்து அடிக்கும். அப்போது பாரம் இடது. பாரம் அவளாக இருந்தால் தவ்விப் போயிருப்பாள், முழங்கால் சிராய்ப்போடு, முனகிக்கொண்டே. இவரை யார் தூக்கிப் போடுவது? அவிழ்த்து இழுத்துக் கட்ட இரண்டு கை வேண்டும். இரண்டு கையிலும் ஏற்கெனவே வேலை. அவள் தன் ஐம்பத்துநாலு கிலோவை மட்டும் இடப்பக்கம் கொண்டுபோனால், எழுபத்தெட்டும் காற்றும் சேர்ந்து வலப்பக்கம் கவிழ்க்கும். கணக்கில் தேறவில்லை.

மிதவைக்கு இருபது கஜம். பாறைமேல் நுரைப்பது தெரிந்தது.

படகு அப்போது இடப்பக்கம் சாய்ந்து ஓடிக்கொண்டிருந்தது. அவள் தாழ்ந்த பக்கத்தைப் பார்த்தாள். உயர்ந்த பக்கத்தில் கட்டிக்கிடந்தவரைப் பார்த்தாள். நடுவில் ஈரப் பலகை. தூக்கவே வேண்டாம். அவிழ்த்தால் போதும். அவராகவே போவார். ஆனால் அவர் போனபிறகு படகு கவிழ எத்தனை நொடி, அது திரும்ப எத்தனை நொடி என்று யாரும் அவளுக்குச் சொல்லித்தந்ததில்லை.

முழங்கால் முடிச்சைக் கால் விரலால் நெம்பினாள். நெஞ்சு முடிச்சின் நுனியைப் பல்லால் கவ்வினாள். உப்பு கரித்தது.

"பாரம்," என்றாள் பல்லிடுக்கில், "இடது."

இழுத்தாள்.

மெத்தை வழுக்கியது. எழுபத்தெட்டு கிலோவும் ஒரே சறுக்கில் இடப்பக்கச் சுவரில் போய் மோதியது. படகு அதே பக்கம் சரிந்தது. விளிம்பு தண்ணீரைத் தொட்டது, தாண்டியது. தண்ணீர் தகடாக உள்ளே இறங்கி அவர் சட்டையை நனைத்தது. அவள் அலறினாள். அலறிக்கொண்டே கழியை இடப்பக்கம் முழுக்கத் தள்ளினாள். மூக்கு வலப்பக்கம் சுழன்றது. ஒரு கணம் பாய் செத்ததுபோலத் தொங்கியது. பாயின் அடிக்கம்பு அவள் தலைக்கு மேலாக வீசிப்போய் மறுபக்கம் படாரென்று நின்றது. காற்று இப்போது இடப்பக்கத்தில் இருந்தது. தாழ்ந்திருந்த பக்கம் எழுந்தது. அந்தப் பக்கத்தில் அவர் இருந்தார்.

அவர் மறுபடி வழுக்காமலிருக்க அவள் இரண்டு பாதத்தையும் அவர் விலாவில் முட்டுக்கொடுத்தாள். பாறை நுரை இடப்பக்கமாகப் பின்னால் போனது. தொப்பி எங்கோ போயிருந்தது. அவர் வாய் கொஞ்சம் திறந்து, கண் பாயின் உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஏதாவது தப்பு கண்டுபிடிக்கப்போகிறவர் முகம்.

"என்ன?" என்றாள். மூச்சு வாங்கியது. "என்ன குறை இப்ப?"

கரையில் படகு இறக்கும் சிமெண்டுச் சரிவில் ஆட்கள் நிற்பது தெரிந்தது. அவரைப் போலவே, வார இறுதிகளில் மனைவிமாரைப் படகில் தூங்கவைப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்ட படகுக் கூட்டாளிகள் ஏழு பேர். பல் டாக்டர், லிப்ட் மெக்கானிக், மற்றவர்கள். யார் படகு கரைக்கு வந்தாலும் ஏழு பேரும் ஏழுவிதமாக யோசனை சொல்வார்கள். "இடதுல பிடி!" "பாய விடு!" "யோவ், அடிப்பலகையத் தூக்குய்யா!" சத்தத்தில் பாதிப் படகுகள் சிமெண்டில் மோதும்.

இன்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. வரிசையாக நின்றார்கள். பல் டாக்டர் கையில் கைபேசி இருந்தது. மகள் அவருக்கு அடித்திருக்கிறாள். பின்னால் ஆம்புலன்ஸின் கதவு திறந்து கிடந்தது.

ஒரு யோசனையும் கேட்காமல், ஒரு மோதலும் இல்லாமல், படகு சிமெண்டில் வந்து மெதுவாக ஏறி நின்றது.

பல் டாக்டர் செருப்போடு தண்ணீரில் இறங்கி மூக்கைப் பிடித்துக்கொண்டார். குனிந்து கழுத்தில் இரண்டு விரல் வைத்தார். வைத்த விரலை எடுக்க அவருக்கு நேரம் பிடித்தது.

"எப்ப அண்ணி?"

"ஆறே முக்கா."

அவர் மணல்திட்டு இருந்த திசையைப் பார்த்தார். அங்கே வெறும் தண்ணீர்தான் இருந்தது. "அங்கேருந்து தனியாவா வந்தீங்க?"

"ரெண்டு பேருந்தான் வந்தோம்" என்றாள்.

நான்கு பேர் மெத்தையோடு தூக்கினார்கள். அவள் பாதங்கள் இன்னும் அவர் விலாவில் முட்டுக்கொடுத்தபடி இருந்தன. லிப்ட் மெக்கானிக் மெல்லத் தொட்டு, "அண்ணி, கால" என்றதும்தான் எடுத்தாள். அவர்கள் சரிவில் ஏறிப் போனார்கள். உடுப்பிலிருந்து தண்ணீர் வழி நெடுகச் சொட்டியது.

பல் டாக்டரின் மனைவி வந்து தோளைத் தொட்டாள். "வாங்கக்கா. உங்க பொண்ணு பாதி வழி வந்துட்டாளாம்."

"பாய மடிக்கணும்."

"அத இவங்க பாத்துக்குவாங்க."

"ஈரத்தோட விட்டா பூசணம் பிடிச்சிடும்."

பல் டாக்டரின் மனைவி என்ன செய்வதென்று தெரியாமல் ஆம்புலன்ஸ் பக்கம் திரும்பிப் பார்த்து, கணவரைக் கூப்பிட மேலே ஓடினாள்.

அவள் பாயை இறக்கினாள். கம்பிலிருந்து உருவி, சிமெண்டில் விரித்தாள். நாலு முனையில் எப்போதும்போலத் தன் பங்கான இரண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, மணல் உதிரும்படி ஒரு உதறு உதறினாள். நீலத் துணி காற்றில் உப்பி, அடங்கி, தரையில் படிந்தது. அவள் அந்த இரண்டு முனைகளையும் மார்புயரத்துக்குத் தூக்கி, விறைப்பாகப் பிடித்தபடி, எதிர்ப்பக்க முனைகள் எழுந்து வருவதற்காக நின்றாள்.