ஒரே ஒரு குழி

'இது ஏசுபாதம் வீடு' என்று ராஜாராம் குடும்பத்து வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். ஏழு வருஷமாக ஜெசிந்தாவுக்கு இந்த ஒரே எண்ணம்தான். கூடுவாஞ்சேரியில் ரயில் ஏறும்போதும் அதே எண்ணம், ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும்போதும் அதே எண்ணம். எதிரிகளை மன்னியுங்கள் என்று ஞாயிற்றுக்கிழமை ஃபாதர் பிரசங்கம் வைக்கும்போது, அவள் கண்ணை மூடி ராஜாராமின் முகத்தை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பாள். மன்னிக்கலாம், தாராளமாக மன்னிக்கலாம். முதலில் அவன் மூக்கு உடையட்டும்.

ஏசுபாதம் அவளுடைய அப்பா. காலங்காலமாக அடுத்தவன் வயலில் நாற்று நட்ட குடும்பத்துக்கு முதன்முதலாகச் சொந்தமென்று கிடைத்தது, கடப்பாக்கத்துக்கு வடக்கே கடற்கரைச் சாலையை ஒட்டி ஒரு துண்டு நிலம். தொண்ணூற்றாறில் அதில் செங்கல் வீடு கட்டக் கடைக்கால் தோண்டினார். அது உள்ளாட்சித் தேர்தல் நேரம். தலைவர் பதவிக்கு நின்ற ராஜாராம், கூப்பிடாமலே அம்மாவையும் அழைத்துக்கொண்டு வந்து இறங்கினான். ஏசுபாதத்தின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, முதல் காசை நான்தான் போடுவேன் என்று அடம்பிடித்தான்.

ஈசான மூலையில் முதல் கல்லை வைக்கும்முன், கலவைமேல் வீட்டாரும் வேண்டியவர்களும் ஆளுக்கொரு காசு போடுவது அந்தப் பக்கத்து வழக்கம். கோயிலுக்குப் போகிறவர், சர்ச்சுக்குப் போகிறவர் என்ற வித்தியாசம் அதில் கிடையாது. ராஜாராம் போட்டது வெள்ளிக்காசு. அந்த வருஷம்தான் அவன் அப்பாவுக்கு மணிவிழா நடந்திருந்தது. விருந்துக்கு வந்தவர்களுக்குக் கொடுக்க அப்பா அம்மா பெயரைப் பொறித்து அடித்த காசு மூட்டையாக மிஞ்சிப்போய், தேர்தலுக்கு உதவியது. பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த ஜெசிந்தா அதை வாங்கி, 'ராமானுஜம் – லோகநாயகி மணிவிழா' என்று வாய்விட்டுப் படித்தாள். பிறகு அதன்மேல் தன்னுடைய நாலணாவையும் போட்டாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

ராஜாராம் ஜெயித்தான். சாலை அகலமானது, நிலத்து விலை கிடுகிடுவென்று ஏறியது, அவன் புத்தி கெட்டது. தொண்ணூற்றொன்பதில், ஏசுபாதம் குடும்பத்தோடு கருங்குழிக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்த அன்று, புல்டோசர் வந்து வீட்டைத் தள்ளியது. பீரோவும் அதிலிருந்த பட்டாவும் இடிபாட்டோடு லாரி ஏறிவிட்டன. கடைக்கால் கல்லைக்கூடப் பெயர்த்து விற்றுவிட்டான் பாவி. நியாயம் கேட்கப் போன ஏசுபாதத்தை ஊரார் முன்னால் நிற்க வைத்து அவன் கேட்டான்.

"இங்க ஏது வூடு? மாடு கட்டின எடத்த வூடுன்றியா நீ?"

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தார். அதற்குப் பிறகு யாரிடமும் அதிகம் பேசவில்லை. அடுத்த மழைக்காலத்தை அவர் தாண்டவில்லை. ஜெசிந்தா அன்றைக்குச் சவப்பெட்டிமேல் கைவைத்து எடுத்த சபதம்தான் அது.

செங்கல்பட்டுக் கோர்ட்டில் வழக்கு இழுத்தது. ராஜாராம் கெட்டிக்காரன். பதவியில் இருப்பவன் பெயரில் எதற்கு என்று நிலத்தை அம்மா லோகநாயகி பெயரில் எழுதி வைத்திருந்தான். அது எப்போதும் காலி நிலம், ஏசுபாதம் என்ற ஆளே அங்கே குடியிருந்ததில்லை என்று பதில் மனு போட்டான். பார்த்தவர்கள் நூறு பேர், சாட்சி சொல்ல ஒருத்தர் இல்லை. ஒரு வாய்தாவில் ஜெசிந்தா எழுந்து நின்று கத்தோ கத்தென்று கத்திவிட்டாள். நீதிபதி எச்சரித்து உட்கார வைத்தார். ராஜாராம் கைக்குட்டையால் வாயைப் பொத்திச் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவள் வயிற்றில் நெருப்பாகக் கிடந்தது.

கடைசியில் அவளுடைய வக்கீல் ஒரு வழி கண்டுபிடித்தார். கோர்ட் ஒரு கமிஷனரை அனுப்பி இடத்தைப் பார்க்கட்டும், கடைக்கால் இருந்த தடயம் மண்ணுக்குள் இருக்கும், கருவி வைத்துத் தேடிக் காட்டுகிறோம் என்று மனு போட்டார். மனையையே குதறிவிடுவார்கள் என்று எதிர்த்தரப்பு குதித்தது. நீதிபதி இரண்டு பக்கமும் பார்த்து உத்தரவு போட்டார். தேடலாம், ஆனால் தோண்டுவது ஒரே ஒரு குழி. அதில் ஒன்றும் கிடைக்காவிட்டால் வழக்கு அதோடு சரி.

கருவி ஜெஸ்ஸியிடம் இருந்தது. ஜெஸ்ஸி அடுத்த போர்ஷன்காரி, கல்பாக்கத்தில் வேலை. கொழுந்தன் துபாயிலிருந்து கொண்டுவந்த மெட்டல் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு ஞாயிறு மதியங்களில் மாமல்லபுரம் கடற்கரைக்குப் போய்விடுவாள். கோயில் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டாள், தொல்லியல்காரர்கள் தொலைத்துவிடுவார்கள். தெற்கே தள்ளி, டூரிஸ்டுகள் தொலைத்துவிட்டுப் போகிற காசும் மோதிரமும்தான் அவளுக்குக் கணக்கு. அங்கேதான் ஜெசிந்தாவைப் பழக்கினாள்.

ஜெசிந்தா எடுத்த எடுப்பில் சென்சிட்டிவிட்டி குமிழைக் கடைசி வரைக்கும் திருகினாள். ஆழத்தில் இருப்பதைப் பிடிக்க வேண்டுமென்றால் முழு வேகத்தில் வைக்க வேண்டும் என்பது அவள் கணக்கு. கருவி ஊரைக் கூட்டியது. அந்தக் கரையில் மணலோடு மணலாக இரும்புச் சத்துள்ள கறுப்புமணல் கலந்திருக்கும். போதாததற்கு உப்புத் தண்ணீர். வைத்த இடமெல்லாம் அலறல். அலறிய இடமெல்லாம் அவள் தோண்டினாள். கை நிறைய ஈரமணல்தான் வந்தது.

ஜெஸ்ஸி குமிழைக் கீழே இறக்கினாள். மண்ணுடைய சத்தம் அடங்குகிற இடம் வரைக்கும் இறக்கி நிறுத்தினாள். பிறகு, முன்பே ஒரு முழங்கை ஆழத்தில் புதைத்து வைத்திருந்த காசுக்குமேல், கருவியின் அடிநுனியில் இருக்கும் வட்டத் தட்டை மெதுவாக ஓட்டச் சொன்னாள். ஹெட்போனில், தூரத்தில் யாரோ முனகுவதுபோல ஒரு சத்தம். இந்தப் பக்கமிருந்து போனாலும் அதே முனகல், அந்தப் பக்கமிருந்து வந்தாலும் அதே முனகல்.

"கத்துறதெல்லாம் காசு இல்லடி," என்றாள் ஜெஸ்ஸி. "ஏத்தி வச்சா மண்ணு கத்துறதுதான் கேக்கும். அடியில கெடக்கறது கேக்கவே கேக்காது."

இரும்பு வேறு மாதிரி பேசும் என்பதையும் காட்டினாள். துருப்பிடித்த ஆணி ஒரு பக்கம் கத்தும், மறுபக்கம் விக்கும். இரண்டு பக்கமும் ஒரே குரலில் பேசுவதுதான் காசு. பொறுமையில்லாத ஜெசிந்தா வாராவாரம் திட்டிக்கொண்டே கற்றுக்கொண்டாள். கை தானாகக் குமிழை ஏற்றப் போகும், ஜெஸ்ஸி தட்டிவிடுவாள்.

ஆனால் ஜெஸ்ஸிக்கு ஒரு கவலை இருந்தது. இந்தக் கருவி முழங்கை ஆழத்துக்குமேல் போகாது. கடைக்காலோ இடுப்பளவு தோண்டியது. அதைக் கேட்டதும் ஜெசிந்தாவுக்குப் பகீரென்றது. பிறகுதான் ஞாபகம் வந்தது, வாய்விட்டுச் சிரித்தாள். நிலத்தை வளைத்த மறுவருஷமே ராஜாராம் அங்கிருந்த மேல்மண்ணை ஜேசிபி வைத்துச் சுரண்டி, சாலை போடுகிறவர்களுக்கு லோடு லோடாக விற்றிருந்தான். மனையே பள்ளமாகிவிட்டது என்று ஊரே பேசியது. அவன் பேராசை அவள் காசை மேலே கொண்டுவந்து வைத்திருந்தது.

கமிஷனர் வந்த நாள் நல்ல வெயில். இளைய வக்கீல் ஒருவரைத்தான் கோர்ட் கமிஷனராகப் போட்டிருந்தது. சிரிக்கத் தெரியாத மனிதர். நிலம் லோகநாயகியம்மாள் பெயரில் இருப்பதால் அவரும் வந்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டிருந்தார். அந்த அம்மாள் அம்பாசிடர் காரின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே விசிறியோடு உட்கார்ந்திருந்தார். காம்பவுண்டு சுவரோரம் ஊர் சேர்ந்திருந்தது. அன்றைக்கு வாய் திறக்காதவர்கள் எல்லாம் வேடிக்கை பார்க்க மட்டும் வந்திருந்தார்கள்.

ஜெசிந்தா ஹெட்போனை மாட்டிக் கருவியைத் தரைமேல் நீட்டினாள். படபடவென்று வெடித்தது. இரண்டடி தள்ளி வைத்தாள், அங்கேயும் அதே. குனிந்து மண்ணைக் கிளறினாள். துரு ஆணி. பக்கத்தில் இன்னொன்று. கொஞ்சம் தள்ளி ஒரு பிடி. காயலான் கடையிலிருந்து மூட்டை மூட்டையாக வாங்கிவந்து மனை முழுக்கத் தூவி ஏர் ஓட்டியிருக்கிறான் ராஜாராம்.

நிமிர்ந்து பார்த்தாள். ராஜாராம் கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டான்.

உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கருவியாலேயே அவன் மண்டையில் ஒன்று போட்டால் என்ன என்று கை பரபரத்தது. பழைய ஜெசிந்தாவாக இருந்தால் போட்டிருப்பாள், வழக்கும் அங்கேயே முடிந்திருக்கும். இருடா, இரு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். குமிழைப் பிடித்து இறக்கினாள். இன்னும் இறக்கினாள். நெருக்கமாகக் கிடப்பதைப் பிரித்துக் கேட்பதற்கென்று ஜெஸ்ஸி கொடுத்துவிட்ட சின்னத் தட்டை மாட்டினாள். கடற்கரையில் இவ்வளவு கீழே வைத்ததே இல்லை. இதற்குமேல் இறக்கினால் காசும் கேட்காது.

ஈசான மூலை எங்கே இருந்தது என்று காட்ட ஒரு கல் கிடையாது. ஆனால் பக்கத்து மனையில் அந்த இரண்டு பனைமரமும் நின்றன. முன்னால் நிற்கிற பனை பின்னால் நிற்கிற பனையை மறைக்கிற நேர்க்கோட்டில்தான் அப்பா கிழக்குச் சுவரை எழுப்பினார். ஜெசிந்தா பனைகளைப் பார்த்தபடியே பக்கவாட்டில் நகர்ந்தாள். இரண்டு பனையும் ஒரே பனையான இடத்தில் நின்று, அங்கிருந்து வடக்கே ஒவ்வொரு அடியாகத் துழாவினாள். ஆணிகள் விக்கின. தாண்டினாள். ராஜாராமின் வக்கீல் நேரமாகிறது என்று முறையிட்டார். கமிஷனர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, ஆகட்டும் சீக்கிரம் என்றார்.

அப்போது கேட்டது. இரண்டு ஆணி விக்கலுக்கு நடுவில், அடியிலிருந்து ஒரு முனகல். மேற்கேயிருந்து ஓட்டினாள், முனகியது. கிழக்கேயிருந்து ஓட்டினாள், அதே குரலில் முனகியது. குறுக்கே ஓட்டினாள். அதே குரல். காலால் அந்த இடத்தை மிதித்துக்கொண்டு நின்றாள்.

"சார், இங்க," என்றாள்.

"ஒரு குழிதான் அம்மா. யோசிச்சுச் சொல்லுங்க."

"இங்கதான்."

கூலிக்கு வந்த ஆள் மண்வெட்டி போட்டான். ஆணியும் மண்ணும் வந்தன. ஒரு சாண் ஆழம் வந்தது, ஒன்றுமில்லை. ராஜாராம் காருக்குத் திரும்பிப் போகிற மாதிரி ஒரு எட்டு வைத்தான். மண்வெட்டி ணங்கென்றது. ஜெசிந்தா குழிக்குள் குப்புறப் படுத்துக் கையால் மண்ணை வழித்தாள். சிமெண்டுக் கலவை, அதில் பாதி ஒட்டிக்கொண்டு ஒரு செங்கல். கலவைக்குள் அவளுடைய நாலணா கறையேறி ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்கடியில் கறுத்துப்போய் ஒரு பெரிய காசு. கமிஷனர் கலவையோடு அப்படியே பெயர்க்கச் சொன்னார், புடவைத் தலைப்பால் அவள் அதைத் தேய்த்தாள்.

கமிஷனர் வாங்கிப் படித்தார். "ராமானுஜம் – லோகநாயகி. யார் இது?"

ராஜாராமுக்கு முகம் செத்துவிட்டது. ஆனாலும் சமாளித்தான். ஊரெல்லாம் கொடுத்த காசு சார், எவனாவது இங்கே புதைத்திருப்பான் என்றான். கமிஷனர் அவனிடம் மேற்கொண்டு பேசவில்லை. நிலத்துக்காரர் அந்த அம்மாள்தானே என்று காரை நோக்கி நடந்தார்.

லோகநாயகியம்மாள் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு காசைப் பார்த்தார். புருஷன் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. பெயரை விரலால் தடவினார், கண் கலங்கியது. ஊரைச் சுற்றிப் பார்த்தார், பனைமரத்தைப் பார்த்தார்.

"அட, இது ஏசுபாதம் வூட்டு கடக்கால்ல போட்டதாச்சே. மொத காசு எம்புள்ளதான் போட்டான். நானும் கூட வந்தன், பாயாசம் குட்த்தாங்க."

"அம்மா, சும்மா இரு," என்று சீறினான் ராஜாராம். கமிஷனர் பக்கம் திரும்பினான். "வயசாய்ட்ச்சு சார். அதுக்கு புத்தி சரியில்ல. அது பேச்ச எடுத்துக்காதீங்க."

விசிறி நின்றது. லோகநாயகியம்மாள் மகனை ஏற இறங்கப் பார்த்தார். காரைவிட்டு இறங்கிப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"எனக்கா புத்தி இல்ல? கையெழுத்து போட்றப்போ மட்டும் இருந்துச்சா?" என்றார். பிறகு கமிஷனரிடம், "நெலம் எம்பேர்ல தான கீது? அப்ப நான் சொல்றத எழுதிக்கோ நைனா. இது ஏசுபாதம் வூடு. வூடு இங்கதான் இருந்துச்சு. இடிச்சது இவன்."

கமிஷனர் எழுதினார். இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். அந்த அம்மாள் இன்னும் உரக்கச் சொன்னார், சுவரோரம் நின்ற ஊருக்கும் கேட்டது. ராஜாராம் அம்மாவின் கையைப் பிடிக்கப் போனான். அவர் உதறிவிட்டார்.

ஜெசிந்தாவுக்கு அவன்மேல் துளி இரக்கம் வரவில்லை. வரும் என்று எதிர்பார்க்கவுமில்லை. ஏழு வருஷ நெருப்புக்கு இன்றைக்குத்தான் சோறு போட்டாள், அது வயிறாரச் சாப்பிட்டது. கருவியை எடுத்துக்கொண்டு நேராக ராஜாராமிடம் போனாள். ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டு, ஊருக்கும் கேட்கட்டும் என்று அதன் வயரைக் கருவியிலிருந்து பிடுங்கினாள். குமிழைக் கடைசி வரைக்கும் திருகினாள். தட்டை அவன் காலடியில் நீட்டினாள்.

அவன் தூவிய ஆணியெல்லாம் ஒன்றாகக் கத்தியது. இடது பக்கம் நகர்ந்தான், அங்கேயும் கத்தியது. வலது பக்கம் போனான், அங்கேயும் விடவில்லை. சுவரோரம் யாரோ முதலில் சிரித்தார்கள், பிறகு ஊரே சிரித்தது. கைக்குட்டையைத் தேடி அவன் கை சட்டைப்பைக்குப் போனது. அது குழிக்குப் பக்கத்தில் மண்ணில் விழுந்து கிடந்தது. ஜெசிந்தா அதன்மேல் ஏறி நின்றுகொண்டு, அவன் காரில் ஏறிக் கதவைச் சாத்துகிற வரைக்கும் குமிழை இறக்கவே இல்லை.