ஜெபஸ்டினின் இடது கால்

கல்லூரிகளுக்கிடையிலான கபடி இறுதிப் போட்டியில் முப்பிடாதி பிடித்த கால், மழைக்காலம் வந்த பிறகும் அவன் கையில்தான் இருந்தது. நடுவர் விசில் ஊதவில்லை. விசில் ஊதாமல் காலை விடுவதற்கு அவன் என்ன கிறுக்கனா?

அது எதிரணியிலிருந்து பாடி வந்த ரைடர் ஜெபஸ்டினின் இடது கால். முப்பிடாதி ஓரத்தில் நின்று கால் பிடிக்கும் கார்னர். ஜெபஸ்டின் இன்னும் "கபடி, கபடி" என்று பாடிக்கொண்டிருந்தான். பாட்டு நின்றால் அவன் அவுட். நடுக்கோட்டைத் தொட்டால் முப்பிடாதி அவுட். இரண்டும் நடந்தபாடில்லை. ஜெபஸ்டின் வகுப்புக்குப் போனாலும் பரோட்டாக் கடைக்குப் போனாலும் முப்பிடாதி குனிந்தபடியே கூடப் போனான்.

அவனுக்கு ஜெபஸ்டின்மேல் சந்தேகம். வாய் நிறைய பரோட்டாவை வைத்துக்கொண்டு மூச்சு விடாமல் எவனாவது பாடுவானா? காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். திருட்டுப் பயல், ஒரு தடவைகூட மாட்டவில்லை.

இதற்கிடையில் சென்னையில் தொழில்முறை லீக்குக்கு வீரர்களை ஏலம் எடுப்பதாக அறிவித்தார்கள். ஏதாவது ஓர் அணி எடுத்தால் முப்பிடாதி பிழைத்தான். எடுக்காவிட்டால் மாமாவின் சிமெண்ட் கடையில் மூட்டை தூக்க வேண்டும். அந்தத் தூசியை நினைத்தாலே அவனுக்கு இருமல் வந்தது.

இருவரையும் ரயிலேற்ற வந்த கோச் சொரிமுத்து ஜன்னலுக்குள் தலையை விட்டார்.

"எவன் சொன்னாலும் கால விட்றாதல. அங்க எல்லாப் பயலும் இவன் ஆளாத்தான் இருப்பான்."

"நீங்க, சார்?"

கோச் சிறிது யோசித்தார். "என்னையும் நம்பாத" என்றார்.

ஏலம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. வாசலில் காவலாளி மறித்தார்.

"யாரு காலு இது?"

"ஜெபஸ்டின் காலு."

"அவரு ஒத்துக்கிறாரா?"

"கபடி, கபடி" என்றான் ஜெபஸ்டின்.

"ஒத்துக்கிறாரு. உள்ள போங்க."

உள்ளே நடைபாதை போகப் போக நீண்டது. தரையில் குறுக்கே வரிசையாக வெள்ளைக் கோடுகள். எது நடுக்கோடு என்று யார் கண்டது? முப்பிடாதி ஒவ்வொரு கோடு வந்தபோதும் ஜெபஸ்டினை அலாக்காகத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தான். ஜெபஸ்டின் ஒத்துழைத்தான். அதுவும் நல்லதாகப் படவில்லை.

மேடையில் அணி முதலாளிகள் வாழை இலை முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். பட்டுப்புடவை கட்டிய ஓர் அம்மாள் மைக்கில் கூப்பிட்டார்.

"முப்பிடாதி. கார்னர். கையத் தூக்குங்க."

"கை வேலையா இருக்கு மேடம்."

"தூக்கலன்னா வரலன்னு அர்த்தம்."

முப்பிடாதி அந்த அம்மாளை உற்றுப் பார்த்தான். அவருக்கு ஜெபஸ்டினின் மூக்கு. முதலாளிகளைப் பார்த்தான். எல்லாருக்கும் அதே மூக்கு. கோச் சொன்னது சரிதான் என்று காலை இறுக்கினான்.

"முப்பிடாதி. கடைசியாக் கூப்பிடுறேன்."

அவன் தொண்டையில் சிமெண்ட் தூசி ஏறியது. இருமினான். இருமிக்கொண்டே ஒரு கையைத் தூக்கினான். மற்றக் கையும் தானாக நழுவியது.

ஜெபஸ்டின் ஓடவில்லை. அவன் காலுக்கு முன்னால் ஒரு வெள்ளைக் கோடு இருந்தது. அதைத் தொடவும் இல்லை. கணுக்காலில் விரல் பதிந்து வெளுத்திருந்த இடத்தைத் தடவினான்.

"ஏம்ல விட்ட?" என்றான்.

அவன் கண் கலங்கியிருந்தது.

"மேடம், பாட்ட நிறுத்திட்டான்! அவன் அவுட்டு!" என்று முப்பிடாதி கத்தினான்.

"விட்ட காலுக்கு அவுட் கிடையாது, தம்பி."

"கால விடுற கார்னர் நமக்கு எதுக்கு?" என்றார் ஒரு முதலாளி. மற்றவர்கள் இலையை மூடினார்கள்.

முப்பிடாதிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்போது ஜெபஸ்டின் காலை அவன் பக்கம் நீட்டினான்.

"ஒருத்தரும் பாக்கல. சட்டுனு பிடில. நான் பாடுதேன்."

முப்பிடாதி அந்தக் காலைப் பார்த்தான். பிறகு அந்த மூக்கைப் பார்த்தான். இவ்வளவு நல்லவனாக ஒருவன் இருப்பானா? இதில் ஏதோ சூது இருக்கிறது.

இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

மேடையில் அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள். ஜெபஸ்டின் காலை நீட்டியபடியே நின்றான்.